பெர்னியரா, மனூச்சியா?

முகலாய அந்தப்புரத்தைப் பற்றி ஐரோப்பியர் எழுதியதில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால், பிரெஞ்சுக்காரரான பிரான்சுவா பெர்னியரை எடுப்பதா, வெனிஸ்காரரான நிக்கோலாவ் மனூச்சியை எடுப்பதா? இருவரும் ஔரங்கசீப் காலத்தவர்கள். இருவருக்கும் உள்ளே போக வழிவிட்டது வைத்தியம்தான்.

பெர்னியர் முறையாகப் படித்த மருத்துவர், தெளிவான எழுத்துக்காரர். வெளிவாசல் வரை கொண்டுவர முடியாத அளவுக்கு நோயுற்ற ஒரு பெரிய இடத்துப் பெண்ணைப் பார்க்கப் போகிறார். பெர்னியர் மேல் தலையிலிருந்து கால்வரை காஷ்மீர் சால்வை. காவலுக்கு இருந்த அண்ணகர் (விதையடிக்கப்பட்ட ஆண்) ஒருவர் பார்வையற்றவரை அழைத்துப் போவதுபோல் அவரைக் கைபிடித்து நடத்துகிறார். உள்ளே இருப்பது எப்படி என்பதை அண்ணகர்கள் சொல்லக் கேட்டே எழுதுகிறேன் என்று அவரே ஒத்துக்கொள்கிறார். இந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

ஆனால் ஷாஜகானின் மகள் ஜஹனாரா பற்றி எழுதும்போது அந்த நேர்மை காணாமல் போகிறது. தந்தைக்கும் மகளுக்கும் தகாத உறவு என்ற வதந்தியை அவர் அப்படியே ஏற்றிவிட்டார். 1670இல் பாரிஸில் அச்சேறிய அந்த வரிகள் இன்றும் பரவிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது கோபம் வருகிறது.

மனூச்சி பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர். அனுபவத்தில் வைத்தியம் கற்றவர். 1686இல் சென்னையில் திருமணம் செய்து இங்கேயே தங்கி நூலை எழுதியவர். நாடி பார்க்கத் திரைக்குள் கையை நீட்டினால், சில பெண்கள் அந்தக் கையைப் பிடித்து முத்தமிடுவார்கள், மெல்லக் கடிப்பார்கள் என்று எழுதுகிறார். இதில் தற்பெருமை எவ்வளவோ, தெரியாது. ஆனால் ஜஹனாரா விஷயத்தில், பெர்னியர் எழுதியது கீழ்மட்டத்தார் பேச்சு என்று வெளிப்படையாக மறுத்தவர் இவர்தான். அதே கையால், ஷாஜகானையும் பிரபுக்களின் மனைவியரையும் இணைத்து ஊர்வம்பைப் பக்கம் பக்கமாக எழுதவும் செய்தார்!

என் தேர்வு மனூச்சி, அந்த மறுப்புக்காகவே. ஆனால் அதற்கு முன், முகலாய அரசர் ஹுமாயூன் காலத்தைப் பற்றிய ‘ஹுமாயூன் நாமா’ என்ற நினைவுக்குறிப்பைப் படித்துவிடுங்கள். எழுதியவர் பாபரின் மகள் குல்பதன் பேகம். ஹுமாயூனை மணக்க மாட்டேன் என்று, பின்னாளில் அக்பரின் தாயான ஹமீதா நாற்பது நாள் மறுத்து நின்றதை அவர் சொல்கிறார். திரைக்கு வெளியே நின்றவர்கள் காதில் விழாத பேச்சு அது.