காரைக்கால் கதையுடன் விற்கப்படும் ‘பெல்ஜியம் கல்’: மடக்குச் சவரக்கத்தி வைத்திருப்போர் கவனத்திற்கு

கும்பகோணம், மயிலாடுதுறை, காரைக்கால் வட்டாரத்துப் பழைய சாமான் வியாபாரிகளிடம் மடக்குச் சவரக்கத்திக்கு இயற்கைத் தீட்டுக்கல் தேடுவோர், மஞ்சள் முகமும் கருப்பு அடியும் கொண்ட ‘பெல்ஜியம் கல்’ கண்ணில் பட்டால், சோதித்துப் பார்க்காமல் பணம் கொடுத்துவிட வேண்டாம். கும்பகோணத்தில் அப்படியொரு கல்லை 6,500 ரூபாய்க்கு நான் வாங்கினேன். அது பெல்ஜியத்திலிருந்து வந்ததும் அல்ல, தீட்டுவதற்கு உதவுவதும் அல்ல.

“காரைக்கால்ல பிரெஞ்சுக்காரங்க இருந்தப்ப சலூன் வச்சிருந்த வீட்டுச் சாமான் சார், பிள்ளைங்களுக்கு இதோட மதிப்பு தெரியலை” என்றார் வியாபாரி. காரைக்கால் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் என்பதால் இந்தக் கதையில் பொருத்தம் இருந்தது. டெல்டாவில் வண்டல் மண்ணைத் தவிர வேறொன்றும் கிடையாது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. ஆகவே இங்கே கிடைக்கும் எந்தக் கல்லுக்கும் ஒரு பயணக் கதையைச் சேர்த்துவிட முடிகிறது.

உண்மையான பெல்ஜியக் கல்லுக்குக் கோட்டிக்யூல் என்று பெயர். பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில், வியல்சால்ம் என்ற ஊரைச் சுற்றி மெல்லிய படுகைகளாகக் கிடைக்கும் இதனுள், கோமேதகத்தின் இனத்தைச் சேர்ந்த ஸ்பெசார்ட்டின் என்னும் மாங்கனீசு கார்னெட் மணிகள், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவில், நெருக்கமாகப் பதிந்திருக்கின்றன. எஃகைச் சீவுவது அந்த மணிகள்தாம். மஞ்சள் படுகை மெல்லியதாகவும் எளிதில் உடைவதாகவும் இருப்பதால், நீலம் கலந்த ஊதா நிறப் பலகைக்கல்லோடு இயற்கையாக ஒட்டியபடியே வெட்டியெடுப்பார்கள், அல்லது வேறொரு பலகைக்கல்லின்மேல் பசையிட்டு ஒட்டுவார்கள். இயற்கையாக ஒட்டிய கல்லைப் பக்கவாட்டில் பார்த்தால் இரு நிறங்களும் சேரும் கோடு பெரும்பாலும் சற்றே வளைந்து, ஒன்றுக்குள் ஒன்று கசிந்ததுபோல் இருக்கும். ஒட்டுக்கல்லில் அது நேர்கோடாகத் தெரியும். நேர்கோடு மட்டுமே மோசடிக்குச் சான்றாகிவிடாது என்பதால்தான் என் கல்லின் நேர்கோடு எனக்கு முதலில் உறுத்தவில்லை.

உறுத்தியிருக்க வேண்டியவை வேறு இருந்தன. கல்லின் முகத்தில் தாராளமாக எண்ணெய் தடவியிருந்தார்கள். எண்ணெய் நிறத்தை ஆழமாக்கிப் பழைய பொருளைப் போலக் காட்டும், ரம்பத்தின் கோடுகளையும் மறைக்கும். மரப்பெட்டி மெய்யாகவே பழையது, ஆனால் கல் அதற்குள் ஆடியது. பழைய பெட்டிகளைக் கல்லின் அளவுக்கே குடைந்திருப்பார்கள். ஒரு சலூனில் பல ஆண்டுகள் உழைத்த கல் நடுவில் சற்றுக் குழிந்து, ஓரங்கள் மழுங்கியிருக்கும். இதுவோ அளவுகோலை வைத்தால் கீழே வெளிச்சம் தெரியாத அளவுக்குச் சமமாக இருந்தது.

வீட்டில் கல்லைச் சோப்பால் கழுவி, தண்ணீர் விட்டு, துணைக்கல்லால் (குழம்பு எழுப்பத் தேய்க்கும் சிறு கல்) தேய்த்தபோது பால் போன்ற குழம்பு வந்தது. கோட்டிக்யூலிலும் அப்படித்தான் வரும். கத்தியை ஓட்டிய பிறகுதான் வேறுபாடு தெரிந்தது. உண்மையான கல்லில், சீவப்படும் எஃகுத் துகள் கலந்து, அந்த வெண்குழம்பு சிறிது நேரத்தில் சாம்பல் நிறமாகும். என் கல்லில் எவ்வளவு ஓட்டியும் வெள்ளையாகவே இருந்தது. நகை செய்யும் நண்பர் ஒருவருடைய பத்து மடங்கு உருப்பெருக்கியில் கத்தியின் விளிம்பைப் பார்த்தபோது, முந்தைய கல் விட்ட கோடுகள் அப்படியே இருந்தன, அவற்றின்மேல் புதிதாக இரண்டு மூன்று ஆழமான கீறல்களும் சேர்ந்திருந்தன.

பிறகு கல்லின் ஓரத்தைப் பேனாக்கத்தியால் சுரண்டினேன். எளிதாகப் பொடி உதிர்ந்தது. அந்தப் பொடியின்மேல் ஒரு சொட்டு வினிகர் விட்டதும் நுரைத்தது. கருப்பு அடியில் எலுமிச்சைச் சாறு பட்ட இடம் மங்கிப் போனது. சமையல் மேடையில் கடப்பைக்கல் போட்ட வீடுகளில் இதைப் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். தரைக்கல் விற்கும் கடையொன்றில் காட்டியபோது, மேலே இருப்பது ஜெய்சல்மேர் மஞ்சள் கல், கீழே கடப்பை என்று பார்த்த மாத்திரத்தில் சொன்னார்கள். இரண்டுமே சுண்ணாம்புக்கல் வகை. சுண்ணாம்புக்கல்லின் முக்கியக் கனிமமான கால்சைட்டின் கடினம், கனிமங்களை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் 3, கார்னெட்டுக்கு 6.5-க்கு மேல். பதப்படுத்திய சவரக்கத்தி எஃகைக் கால்சைட்டால் சீவவே முடியாது.

எனவே வாங்கும் இடத்திலேயே, கல்லின் மஞ்சள் பகுதியின் ஓரத்தில் சிறிது சுரண்டி, அந்தப் பொடியின்மேல் வினிகர் விட்டுப் பாருங்கள். வழவழப்பான முகத்தில் நேரடியாக விட்டால், எண்ணெய்ப் படலம் இருக்கும்போது நுரை தெரியாமல் போகலாம். கல்லை எடைபோட்டு அடர்த்தி கணக்கிடும் முறையை ஒட்டுக்கல்லுக்கு நான் பெரிதாக நம்புவதில்லை, ஏனெனில் அடிப்பலகையின் எடை கணக்கைக் கலைத்துவிடும். எண்ணெயில் ஊறிய கார்போரண்டம் (சிலிக்கான் கார்பைடு) கற்களையும் அமெரிக்காவின் இயற்கைத் தீட்டுக்கல்லான ஆர்கன்சா கல் என்று சொல்லி விற்கப் பார்க்கிறார்கள். அவற்றை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி உருப்பெருக்கியில் பார்த்தால், ஒரே அளவான மின்னும் துகள்களும் இடையிடையே துளைகளும் தெரியும். ஆலையில் செய்த கல் என்பது அதிலேயே விளங்கிவிடும்.

திருப்பிக் கொடுக்கச் சென்றபோது, பழைய சாமானைத் திரும்ப எடுப்பதில்லை என்று வியாபாரி மறுத்தார். கல்லென்று சொல்லித்தான் கொடுத்தேன், கல்தானே இருக்கிறது என்றும் கேட்டார். என் கையில் இருந்த ரசீதில் ‘பழைய கல் 1’ என்று மட்டும் எழுதியிருந்தது. இதை வைத்துக்கொண்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் என்ன வாதிடுவது? அலமாரியில் அதே அளவில், அதே நேர்கோட்டுடன் வேறு கற்களும் இருந்தன. அவற்றில் ஒன்று தரங்கம்பாடி டேனிஷ்காரர் வீட்டிலிருந்து வந்ததாம். ‘பெல்ஜிய இயற்கைத் தீட்டுக்கல், பொய்யானால் பணம் திரும்பத் தரப்படும்’ என்று ரசீதில் எழுதிக் கொடுத்தால் அதையும் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவர் எழுதிக் கொடுக்கவில்லை.