டிவிடி பட்டியல்: ஸ்கேன் செயலியா, எக்செல் தாளா?

கைபேசிச் செயலியில் பார்கோடைக் காட்டினால் படப்பெயர், ஆண்டு, அட்டைப்படம் எல்லாம் தானாக வந்துவிடும். ஹாலிவுட் டிவிடிகளுக்கு இதைவிட வேகமான வழி இல்லை.

தமிழ் டிவிடிகளில்தான் சிக்கல். மூன்று படங்களை ஒரே வட்டில் அடைத்து வந்த பலவற்றில் பார்கோடே கிடையாது. பார்கோடு இருந்தாலும், அதிலுள்ள 890 என்று தொடங்கும் 13 இலக்க எண்ணைப் பல செயலிகள் அறியா. சரி, பெயரால் தேடலாம் என்றால் ‘பில்லா’ 1980இலும் உண்டு, 2007இலும் உண்டு.

எக்செல் தாளில் எல்லாவற்றையும் நாமே தட்டச்சு செய்ய வேண்டும்; பொறுமை வேண்டும். ஆனாலும் தமிழ்ப் படங்கள் நிறைந்த அலமாரிக்கு இதையே சொல்வேன். ஒரே வட்டுக்கு மூன்று வரி போடலாம். 001, 002 என்று நாமே எண் கொடுத்து உறையில் ஒட்டலாம். அப்புறம், வட்டின் பின்பக்கம் நடுத்துளையைச் சுற்றிப் பொடியாகப் பொறித்திருக்கும் எண்ணையும் அவசியம் குறித்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். உறை தொலைந்தாலும் அது வட்டோடே இருக்கும்.

வீட்டுக் கல்யாண டிவிடிகளில் அந்த எண் வெற்று வட்டைத் தயாரித்தவருடையது. அங்கே யார் கல்யாணம், எந்தத் தேதி, எந்த ஊர் என்று எழுதிவையுங்கள்.