கண் சிவந்திருக்கிறதா? மூக்குக்கண்ணாடி விற்பவர்களிடம் மருந்து வாங்காதீர்கள்

தோட்டம் தோட்டமாக வாகனத்தில் வந்து இலவசக் கண் பரிசோதனை நடத்தும் ஒரு மூக்குக்கண்ணாடி விற்பனை நிலையம், என் அம்மாவிடம் 18,500 ரூபாயை வாங்கிக்கொண்டு, உடனே வைத்தியசாலைக்கு அனுப்பியிருக்க வேண்டிய கண்ணைக் கருவிழிப் புண் முற்றும் நிலைக்குத் தள்ளியிருக்கிறது.

கொழுந்து பறிக்கையில் தேயிலைக் குச்சி கீறியதால் அம்மாவின் இடது கண் சிவந்து, நீர் வடிந்து, மணல் விழுந்ததுபோல் உறுத்திக்கொண்டிருந்தது. குச்சி பட்டதை அவர் தெளிவாகச் சொன்னார். வெள்ளை மேலங்கி அணிந்திருந்தவர், உடன் வந்தவர்களால் டொக்டர் என்று அழைக்கப்பட்டவர், டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சும்மா கண்நோய்தான் அம்மா, பயப்படாதீங்க, நாங்க இருக்கிறோம் தானே" என்றார். சிங்களத்தில் நோயை விளங்கப்படுத்தத் தடுமாறும் அம்மாவுக்கு, தமிழில் பொறுமையாகப் பேசி, தன் கையாலேயே முதல் சொட்டை விட்டவர்மீது நம்பிக்கை வராமல் எப்படி இருக்கும்? கண்ணாடிக்கும் மருந்துக்குமாகச் சீட்டுக்காசு 18,500 ரூபாயும் அங்கேயே கைமாறியது.

அந்த மருந்து டெக்ஸாமெதசோன், அதாவது ஸ்டீரொய்ட். அது அழற்சியை அடக்குவதால் சிவப்பு முதலில் குறைந்தது. அதைக் கண்டு நாங்கள் அவரை வாழ்த்தினோம். உள்ளே கிருமி வளர்ந்துகொண்டிருந்தது. பிறகு வலி கூடியது, வெளிச்சம் பார்க்க முடியவில்லை, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தோன்றியது. அரசாங்க வைத்தியசாலையில் புண்ணைச் சுரண்டிச் சோதித்துப் பங்கசுத் தொற்று, அதாவது பூஞ்சைத் தொற்று என்றார்கள். செடி கொடி கீறிய கண்ணில் இது வரக்கூடியது என்றும், ஸ்டீரொய்ட் இதை மோசமாக்கும் என்றும் வைத்தியர் விளக்கினார். இப்போது இரவு பகலாக மணிக்கொரு தடவை நட்டமைசின் என்ற பங்கசு எதிர்ப்புச் சொட்டு விடுகிறார்கள். தழும்பு மிஞ்சினால் பார்வை எவ்வளவு திரும்பும் என்பதை இப்போது சொல்ல இயலாதாம்.

கடைக்குத் தொலைபேசியில் அழைத்தால் முதலாளி கொழும்புக்குப் போய்விட்டார் என்றார்கள். நேரில் போனபோது, போயா (பௌர்ணமி) விடுமுறை முடிந்து வரச் சொன்னார்கள். மீண்டும் போனால், பற்றுச்சீட்டில் கண்ணாடி மட்டுமே எழுதப்பட்டிருப்பதால் மருந்து தாங்கள் கொடுத்ததே இல்லை என்கிறார்கள். அந்த "டொக்டர்" யார் என்று கேட்டதற்கு, அவர் இப்போது எங்களிடம் வேலை செய்வதில்லை என்பதே பதில். 18,500 ரூபாய்! நாட்சம்பளக்காரருக்கு அது என்ன தொகை என்று அவர்களுக்குத் தெரியாதா?

விரிவாக எழுத நினைத்தேன், வைத்தியசாலைக்குப் போக வேண்டியிருக்கிறது. வைரஸால் வரும் சாதாரணக் கண்நோய் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தானாகவே ஆறும். அதற்குக் கைகழுவுதலும் குளிர்ந்த ஒத்தடமும் பெரும்பாலும் போதும். இரு கண்ணும் அரித்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். வலி, மங்கல், வெளிச்சக் கூச்சம், வெள்ளைப் புள்ளி இருந்தாலோ, குச்சி இலை பட்டிருந்தாலோ அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். அரசாங்க வைத்தியசாலையில் பணம் கேட்கமாட்டார்கள். கண் வைத்தியர் எழுதித் தராத ஸ்டீரொய்ட் சொட்டு வேண்டவே வேண்டாம். பற்றுச்சீட்டில் மருந்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள், மறுத்தால் காசு கொடுக்காதீர்கள்.