ஜமோவி சாஃப்ட்வேர்: 200 பசங்களோட மேத்ஸ், ரீடிங் மார்க்க வச்சு ஓட்டிப் பாத்தேன்

எம்.எட் படிக்கிற என் தங்கச்சி டிஸர்டேஷனுக்கு ஸ்டாட்ஸ் சொல்லிக்குடுன்னு வந்து உக்காந்தா, அப்ப தான் ஜமோவிய முழுசா தோண்டிப் பாத்தேன். இலவசம், ஓப்பன் சோர்ஸ், உள்ள ஓடுறது ஆர்ங்கற ஸ்டாட்ஸ் புரோகிராமிங் மொழி தான், ஆனா நாம ஒரு வரி கோட் கூட எழுத வேண்டாம். எஸ்பிஎஸ்எஸ்ங்கற காசு குடுத்து வாங்கற ஸ்டாட்ஸ் சாஃப்ட்வேரோட லைசென்ஸ் விலைக்கு பயந்து எக்செல்லையே கட்டிக்கிட்டு அழுவுற ஸ்டூடண்ட்ஸ் நிறைய பேர் இருக்காங்க, அவங்களுக்காகத் தான் இத எழுதுறேன்.

பழகுறதுக்கு எடுத்தது ஹெச்எஸ்பி2 டேட்டா. அமெரிக்காவுல 1980ல ஆரம்பிச்ச ஹை ஸ்கூல் அண்ட் பியாண்ட்ங்கற பெரிய சர்வேலேர்ந்து எடுத்த 200 பசங்க, 109 பொண்ணுங்க 91 பையனுங்க. ஆளுக்கு ரீடிங், ரைட்டிங், மேத்ஸ், சயின்ஸ், சோஷியல்னு அஞ்சு ஸ்கோர். அமெரிக்காவுல இருக்கற யூசிஎல்ஏ யுனிவர்சிட்டி அவங்க ஸ்டாட்ஸ் பாடங்கள்ல வருஷக்கணக்கா யூஸ் பண்ற டேட்டா இது. சிஎஸ்வி ஃபைல தொறந்தா முதல் வரியிலயே 70ங்கற ஐடில ஒரு பையன், ரீடிங்ல 57, மேத்ஸ்ல 41. தங்கச்சி உடனே "பாத்தியாண்ணா, மேத்ஸ் தான் எல்லாருக்கும் வீக்"னுட்டா. ஒருத்தன வச்சு சொல்லாதம்மா, 200 பேரையும் பாப்போம்னேன்.

சராசரி மாதிரி அடிப்படை கணக்கு போடற டிஸ்கிரிப்டிவ்ஸ் மெனுல ரீடிங், மேத்ஸ் ரெண்டு காலத்தையும் (நெடுவரிசை) இழுத்துப் போட்ட உடனே ரைட் சைடுல டேபிள் வந்துருச்சு. ரீடிங் சராசரி 52.23, மேத்ஸ் 52.645, வித்தியாசம் 0.415, அதுவும் மேத்ஸ் தான் ஒரு முடி மேல. ஓகே பட்டன் அழுத்துற வேலையே இல்ல, ஒரு டிக் போட்டா டேபிள் மாறும், எடுத்தா திரும்ப மாறும், டேட்டால ஒரு நம்பர திருத்தினா கூட ரிசல்ட் தானா திரும்ப கணக்கு போட்டுக்கும். கத்துக்கறவங்களுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு பக்கத்துல உக்காந்து பாத்தா தான் தெரியும், அவ பாட்டுக்கு ஒவ்வொண்ணா டிக் பண்ணி எது மாறுது எது மாறலன்னு பாத்துக்கிட்டே இருந்தா.

எனக்கு ரொம்ப புடிச்சது டி-டெஸ்ட் மெனு தான், ரெண்டு சராசரிக்கு நடுவுல இருக்கற வித்தியாசம் நெசமா தற்செயலான்னு பாக்கற டெஸ்ட் அது. இதுக்கு முன்னாடி அவ எக்செல்ல போட்டு வச்சிருந்தா, டி.டெஸ்ட் ஃபார்முலால கடைசில டைப்னு கேக்கும்ல, அங்க 2ன்னு குடுத்திருக்கா. 2ன்னா ரெண்டு தனித்தனி குரூப்னு அர்த்தம். இங்க அப்படி இல்லையே, அதே பையன் தான் ரீடிங்கும் எழுதுறான் மேத்ஸும் எழுதுறான். பி வேல்யூ 0.67னு வந்திருந்துச்சு (நெசமா வித்தியாசமே இல்லன்னா கூட தற்செயலா இவ்ளோ வர்றதுக்கு எவ்ளோ வாய்ப்புன்னு சொல்ற எண் அது, ரொம்ப சின்னதா வந்தா தான் வித்தியாசம் இருக்குன்னு சொல்லலாம்). ஜமோவில இண்டிபெண்டெண்ட் டி-டெஸ்ட்டுக்குள்ள போனா குரூப்பிங் வேரியபிள் எதுன்னு கேக்கும், நம்ம கிட்ட ரெண்டு மார்க் காலம் தான் இருக்கு, குரூப் காலம் எங்க இருக்கு? அங்கயே நின்னு யோசிச்சா. அப்புறம் அவளே, ஒரே ஆளோட ரெண்டு மார்க்கையும் ஒப்பிடற பேர்டு சாம்பிள்ஸ் டெஸ்ட்டுக்கு போயி மேத்ஸையும் ரீடிங்கையும் ஜோடியா போட்டா. டி 0.72, பி 0.47.

ரெண்டு வழியிலயும் வித்தியாசம் இருக்குன்னு சொல்ல முடியல, அப்ப எதுக்கு இவ்ளோ கஷ்டம்னு கேட்டா. கேக்க வேண்டிய கேள்வி தான். ரீடிங்குக்கும் மேத்ஸுக்கும் கோரிலேஷன் 0.66, அதாவது ஒண்ணுல நல்லா எடுக்கறவன் பெரும்பாலும் இன்னொண்ணுலயும் நல்லா எடுக்கறான். ஜோடியா பாக்கும்போது பையனுக்கு பையன் இருக்கற ஏத்த இறக்கம் கழிஞ்சு போயிடுது, ஸ்டாண்டர்ட் எரர், அதாவது நம்ம கணக்கு எவ்ளோ தடுமாறலாம்ங்கற அளவு, 0.98லேர்ந்து 0.57க்கு எறங்குது. இந்த டேட்டால முடிவு மாறல, ஆனா வித்தியாசம் ஒரு ஒன்றரை மார்க் இருந்திருந்தா தப்பான டெஸ்ட் அத காட்டாமலே விட்டிருக்கும், சரியான டெஸ்ட் புடிச்சிருக்கும்.

"அப்ப ரெண்டும் சமம்னு எழுதிடலாமாண்ணா"ன்னு அடுத்த கேள்வி. கூடாது. கான்ஃபிடன்ஸ் இண்டர்வல்ல டிக் போட சொன்னேன், மைனஸ் 0.7லேர்ந்து பிளஸ் 1.5 வரைக்கும்னு வந்துச்சு. அதத் தான் எழுதணும், வித்தியாசம் இருந்தா இதுக்குள்ள இருக்கலாம்னு. வித்தியாசம் எவ்ளோ பெருசுன்னு சொல்ற எஃபெக்ட் சைஸும் அங்கயே பக்கத்துல இருக்கு, 0.05 தான், ரொம்ப சின்னது.

இப்ப சாஃப்ட்வேர் சொல்லாத ஒண்ணு சொல்றேன், ஜமோவி மட்டுமில்ல எந்த சாஃப்ட்வேரும் சொல்லாது. இந்த மார்க் எல்லாம் ஸ்டாண்டர்டைஸ் பண்ணின ஸ்கோர். ஒவ்வொரு சப்ஜெக்ட்டுக்கும் சராசரி 50 பக்கமும் பரவல் 10 பக்கமும் வர்ற மாதிரி தனித்தனியா மாத்தி வச்சது. அதனால மேத்ஸ்ல 53ன்னா நூத்துக்கு 53 கணக்கு சரியா போட்டான்னு அர்த்தம் இல்ல, மத்த பசங்களோட ஒப்பிட்டா எங்க நிக்கறான்னு தான் அர்த்தம். ரெண்டு சராசரியும் கிட்டக்கிட்ட வர்றதுக்கு அந்த அளவுகோல் போட்ட விதமே பெரிய காரணம். பசங்க மேத்ஸ்ல வீக்கா ரீடிங்ல வீக்கான்னு இந்த டேட்டா கிட்ட கேக்கவே முடியாது.

குரூப் வாரியா கேக்கலாம், அதுக்கு நல்லா பதில் சொல்லுது. டிஸ்கிரிப்டிவ்ஸ்ல ஸ்பிளிட் பைனு இருக்கற எடத்துல புரோகிராம் காலத்த, அதாவது எந்த வகை படிப்புல இருக்காங்கங்கறத, போட்டோம். காலேஜுக்கு போற அகாடமிக் குரூப்ல மேத்ஸ் 56.73, ரீடிங் 56.16. தொழிற்கல்வி குரூப்ல மேத்ஸ் 46.42, ரீடிங் 46.20. சப்ஜெக்ட்டுக்கு சப்ஜெக்ட் அரை மார்க் தான், குரூப்புக்கு குரூப் பத்து மார்க்! இதப் பாத்ததும் அவ கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் தன்னோட டிஸர்டேஷன் தலைப்பையே மாத்தணும்னுட்டா. ஆண் பெண் வாரியா பாத்தா மேத்ஸ்ல பெருசா ஒண்ணும் இல்ல, ரைட்டிங்ல தான் பொண்ணுங்க 54.99, பையனுங்க 50.12னு நல்லா தெரியுது.

மத்தபடி, ஜமோவியோட ஓஎம்வி ஃபைலா சேவ் பண்ணா டேட்டா, ரிசல்ட், போட்ட டிக் எல்லாம் ஒரே ஃபைல்ல இருக்கும், கைடுக்கு அப்படியே அனுப்பலாம். எஸ்பிஎஸ்எஸ் ஃபைலையும் நேரா தொறக்கும். டேபிள வேர்டுல ஒட்டினா டேபிளாவே வந்து ஒக்காருது. சின்டாக்ஸ் மோட் ஆன் பண்ணா ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் ஆர் கோட் காட்டும், பின்னாடி ஆர் கத்துக்க நெனைக்கறவங்களுக்கு அது ஒரு நல்ல படி. மல்டிலெவல் மாடல் (ஸ்கூல், அதுக்குள்ள பசங்கன்னு அடுக்கடுக்கா இருக்கற டேட்டாவுக்கு) மாதிரி பெரிய வேலைக்கு மட்டும் ஜமோவி லைப்ரரிலேர்ந்து தனி மாட்யூல் இறக்கிக்கணும். அதுக்கும் காசு இல்ல.

மார்க் டேட்டா வச்சிருக்கற டீச்சர், எம்.எட், பிஎச்டி பண்றவங்க யாரா இருந்தாலும் தைரியமா இறக்கிக்கோங்க, அஞ்சுக்கு அஞ்சு குடுப்பேன். மொதல்ல உங்க சொந்த டேட்டால கை வைக்காம இந்த 200 பேர் ஃபைல எடுத்து மேத்ஸ முன்னாடி, ரீடிங்க பின்னாடின்னு ஜோடி போட்டுப் பாருங்க, டி 0.72 வந்தா சரியா பண்ணிருக்கீங்க. மைனஸ்ல வந்தா பயப்படாதீங்க, ரீடிங்க முன்னாடி போட்டிருப்பீங்க, அவ்ளோ தான்.