ஷைகும் முரீதும்: பத்துப் பாட ஒலி வகுப்பைக் கேட்டு முடித்தபின்

சூஃபி ஆன்மிகப் பாதையில் ஷைகுக்கும் (வழிகாட்டி) முரீதுக்கும் (சீடர்) உள்ள உறவைப் பற்றிய இந்த வகுப்பில் நான் அறிவுத் தாகத்தால் சேரவில்லை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு ஷைகிடம் பைஅத் (உறுதிமொழி) வாங்கினேன். மூன்றாம் வருடமே விலகிவிட்டேன். கணவரை இழந்த ஒரு சகோதரி தன் நகைகளை அமானிதமாக (பாதுகாத்துத் தரும் பொருளாக) அந்த ஷைகிடம் கொடுத்து வைத்திருந்தார். திருப்பிக் கேட்கக் கூச்சப்பட்டு என்னிடம் சொல்லி அழுதார். திக்ரு மஜ்லிஸ் (இறைநினைவுக் கூட்டம்) முடிந்ததும், எப்போது திருப்பித் தருவீர்கள் என்று அவருக்காக நான் கேட்டேன். "கேள்வி கேட்கிற முரீதுக்கு இந்தப் பாதையில் இடமில்லை" என்று எல்லார் முன்னாலும் பதில் வந்தது. விலகி வந்த நாளிலிருந்து ஓர் ஆயத்து (குர்ஆன் வசனம்) என்னை விடவே இல்லை: வாக்கை முறிப்பவர் தமக்கே கேடாக முறிக்கிறார். ஒன்பது வருடம் அந்தப் பயத்தோடுதான் தொழுதேன். இந்த மதிப்புரையை அந்தப் பயத்தோடு கேட்டவள் எழுதியதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பு பத்து ஒலிப் பாடங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய முக்கால் மணி நேரம். முன்பே பதிவு செய்தவை என்பதால் நமக்கு வசதியான நேரத்தில் கேட்கலாம். ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு மூன்று பக்கக் குறிப்பு உண்டு. கேள்வியை எழுதி அனுப்பினால் வகுப்பு நடத்தும் ஆலிம் (மார்க்க அறிஞர்) குரல் பதிவில் பதில் சொல்கிறார். வசனத்தை ஓதி, சொல் சொல்லாகப் பொருள் சொல்லி, அதன் பிறகே விளக்கத்துக்குப் போகிறார். தன்னிடம் பைஅத் வாங்கச் சொல்லி ஓர் இடத்தில்கூட அழைக்கவில்லை. எனக்கு அது பெரிய நிம்மதி.

முதல் பாடம் இஸ்லாம், ஈமான் (நம்பிக்கை), இஹ்ஸான் (அழகுற வணங்குதல்) என்று வானவர் ஜிப்ரீல் (அலை) வந்து கேட்ட ஹதீஸிலிருந்து (நபிமொழி) தொடங்குகிறது. தெரிந்த விஷயம்தான். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இரண்டாம் பாடம். என்னைத் துரத்திய அந்த ஆயத்து ஃபத்ஹு சூராவின் (குர்ஆன் அத்தியாயம்) பத்தாவது வசனம். ஹிஜ்ரி 6இல் (628) மக்காவுக்கு அருகில் உள்ள ஹுதைபிய்யாவில், மரத்தடியில், நபிகளாரிடம் (ஸல்) தோழர்கள் கொடுத்த உறுதிமொழியோடு சேர்ந்தது. அந்த பைஅத்தும் ஒரு ஷைகிடம் கொடுக்கிற பைஅத்தும் ஒரே தரம் அல்ல என்கிறார் ஆலிம். ஷைகிடம் கொடுப்பது பாவமன்னிப்புத் தேடி நேர்வழியில் நிற்பேன் என்ற வாக்கு. ஷைகு அதற்குச் சாட்சி, துணை. படைத்தவனுக்கு மாறுசெய்யும் காரியத்தில் எந்தப் படைப்புக்கும் கீழ்ப்படிதல் இல்லை என்ற ஹதீஸ்தான் அதன் எல்லை. இதை அவர் குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டுப் போகிறார். நான் நிறுத்தி, மூன்று முறை கேட்டேன்.

நான்காம் பாடத்துக்காக மட்டுமே இந்த வகுப்பில் சேரலாம். கஹ்ஃப் சூராவில் வரும் இறைவன் தனி அறிவு கொடுத்த ஹிள்ரு (அலை) என்பவரிடம் கற்க நபி மூஸா (அலை) போன சம்பவம். "கேள்வி கேட்காதே" என்று சொல்லும் எல்லாரும் கைகாட்டுவது இந்த இடத்தைத்தான். ஆலிம் அதைச் சுருக்கவில்லை, 60ஆம் வசனத்திலிருந்து 82 வரை முழுவதும் ஓதுகிறார். ஹிள்ரு போட்ட நிபந்தனை கேட்கவே கூடாது என்பதல்ல. "நானாக அதைப் பற்றிச் சொல்லும்வரை கேட்காதீர்" என்பது. மூஸா (அலை) மூன்று முறை பொறுமை இழக்கிறார். ஹிள்ரு கப்பலில் ஓட்டை போட்டபோது ஒன்று, சிறுவன் கொல்லப்பட்டபோது ஒன்று, கூலி வாங்காமல் சுவரை நிமிர்த்தியபோது ஒன்று. முதல் இரண்டு முறையும் பயணம் தொடர்கிறது. மூன்றாவதில்தான் பிரிவு. பிரியும்போதும் ஒன்றையும் மறைக்காமல் விளக்கம் சொல்லிவிட்டே ஹிள்ரு பிரிகிறார்: கப்பல் ஏழைகளுடையது, பின்னால் கப்பல்களைப் பறிக்கும் ஓர் அரசன் இருந்தான், சுவருக்கு அடியில் இரண்டு அநாதைச் சிறுவர்களின் புதையல் இருந்தது. முடிவில், "இதை நான் என் விருப்பப்படி செய்யவில்லை" என்கிறார். வஹீ (இறைச்செய்தி) நின்றுபோன பிறகு இந்தச் சொல்லை இரவல் வாங்க எந்த ஷைகுக்கும் உரிமை இல்லை என்று ஆலிம் சொல்வது எனக்கு அப்படியே சரியாகப் பட்டது.

மூஸா இன்னும் பொறுத்திருந்தால் நமக்கு மேலும் பல விஷயங்கள் தெரியவந்திருக்கும் என்று நபிகளார் (ஸல்) ஆசைப்பட்ட ஹதீஸையும் அவர் விட்டுவிடவில்லை. பொறுமைக்கு உள்ள மதிப்பை அப்படியே வைத்துவிட்டே பேசுகிறார். இந்த நேர்மைக்காகவே அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

ஐந்தாம் பாடத்தில்தான் எனக்குக் குறை. குளிப்பாட்டுபவரின் கையில் மையித்து (இறந்தவரின் உடல்) இருப்பதுபோல ஷைகின் கையில் முரீது இருக்கவேண்டும் என்ற பழைய உவமையை எடுத்துக்கொண்டு, மையித்தைப் பற்றி மட்டுமே பேசி முடித்துவிடுகிறார். நான் என் உம்மாவின் மையித்தைக் குளிப்பாட்டியவள். அந்த அறையில் கட்டுப்பாடு முழுவதும் குளிப்பாட்டுகிற எங்களுக்குத்தான் இருந்தது. அவ்ரத்தை (மறைக்கவேண்டிய உடல் பகுதியை) துணியால் மூடியே வைக்கவேண்டும். மூட்டுகளை மெதுவாக அசைக்கவேண்டும். உடலில் பார்த்த குறையை வெளியே போய்ச் சொல்லக்கூடாது. தேவையில்லாத ஆட்கள் உள்ளே நிற்கக்கூடாது. தண்ணீரின் சூட்டைக்கூட என் முழங்கையில் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றினேன். எதிர்த்து ஒரு சொல் சொல்ல முடியாதவரின் முன்னால் அவ்வளவு பயந்து நடந்தோம். அந்த உவமையைச் சொல்கிற ஷைகு முதலில் தன் கையைப் பார்க்கவேண்டும். பாடத்தில் இது இல்லாதது எனக்கு வலித்தது. இதையே எழுதி அனுப்பியிருக்கிறேன்.

ஆறாம் பாடம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) பற்றியது, அருமை. பக்தாதின் நிஜாமிய்யா கல்விக்கூடத்தில் பெரிய ஆசிரியராக இருந்தவர் 1095இல் அந்தப் பதவியை விட்டுவிட்டு வெளியேறினார். சட்டமும் தத்துவமும் கற்றுக்கொடுத்தவருக்குத் தன் நஃப்ஸோடுதான் (மன இச்சை) போராட்டம். பின்னாளில் ஒரு மாணவருக்கு எழுதிய அறிவுரையில் ஷைகின் வேலையை உழவரின் வேலைக்கு ஒப்பிட்டார்: முள்ளைப் பிடுங்கி, களை எடுத்து, பயிர் வளர வழிவிடுகிறவர். மையித்து உவமையைவிட எனக்கு இதுவே பிடித்திருக்கிறது. பயிர் உயிரோடு இருக்கிறது, அதுவே வளர்கிறது.

ஏழாவதில் ஸில்ஸிலா (குருமரபுச் சங்கிலி), இஜாஸா (அனுமதி) பற்றிய விளக்கம். ஒருவர் ஷைகு என்றால் அவருக்கு யார் அனுமதி கொடுத்தார், அவருக்கு யார் என்று நபிகளார் (ஸல்) வரை போகும் சங்கிலி. சூஃபிப் பிரிவுகளில் காதிரிய்யா, ஷாதுலிய்யா அலீ (ரலி) வழியாகவும், நக்‌ஷபந்திய்யா அபூபக்கர் (ரலி) வழியாகவும் இணைகின்றன. பட்டியல் நீளம்; நான் வேகமாகக் கேட்டுவிட்டேன்.

எட்டு, ஒன்பது இரண்டும் அவசரத்தில் செய்தவை. போலி ஷைகுகளை எப்படி அறிவது என்பதற்குப் பதினைந்து நிமிடம்கூட இல்லை. பெண் முரீதுகளைப் பற்றி ஆயிஷா (ரலி) அறிவித்த ஹதீஸ் ஒன்று மட்டும்: பெண்களிடம் பைஅத் வாங்கும்போது நபிகளாரின் (ஸல்) கை எந்த அந்நியப் பெண்ணின் கையையும் தொட்டதில்லை. அது அவசியம்தான். ஆனால் பெண்கள் வழிகாட்டிகளாகவும் இருந்தார்களே! சூஃபி ஞானி இப்னு அரபி (1165–1240) இளவயதில் ஸ்பெயினின் செவில் நகரில் ஃபாத்திமா என்ற தொண்ணூறு வயது கடந்த மூதாட்டிக்குப் பணிவிடை செய்து கற்றவர்; அவருக்கு நாணலால் குடிசை கட்டிக்கொடுத்தவர். இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கலாம்.

இன்னொன்று: சுஹ்பத், அதாவது கூட இருந்து கற்பது, பதிவுக் குரலில் கிடைக்காது. பத்தாம் பாடத்தில் ஆலிமே அதைச் சொல்லிவிடுகிறார். ஷைகு தேடிக்கொண்டிருப்பவர்கள் பைஅத்துக்கு முன்பு இரண்டாம், நான்காம் பாடங்களைக் கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே நல்ல ஷைகிடம் இருப்பவர்களுக்கு ஆறாம் பாடம் போதும்.

ஆறாம் பாடத்தோடு நான் நிறுத்திவிட்டு, எனக்கு நடந்ததை முழுவதும் எழுதி அனுப்பினேன். நான் வாக்கை முறித்தவளா என்று கேட்டிருந்தேன். எட்டு நாள் கழித்துப் பதில் வந்தது, நான்கு நிமிடக் குரல் பதிவு. என் கேள்விக்கு வருமுன் அவர் ஒன்று கேட்டார்: "அந்தச் சகோதரிக்கு நகை திரும்பக் கிடைத்ததா?" இந்த ஒன்பது வருடத்தில் என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. கிடைக்கவில்லை என்று எழுதினேன். அப்புறம்தான் மீதி நான்கு பாடங்களையும் கேட்டேன்.