14 மி.மீ. லென்ஸும் வலது மேல் மூலையும்

தீபாவளித் தள்ளுபடியில் விலை குறைந்திருப்பதைப் பார்த்த நண்பர் ஒருவர், நட்சத்திரப் படங்களுக்காக நான் மூன்றாண்டுகளாக வைத்திருக்கும், கையால் ஃபோகஸ் செய்ய வேண்டிய 14 மி.மீ., எஃப் 2.8 மேனுவல் லென்ஸை வாங்கலாமா என்று கேட்டார்.

நானும் இப்படியொரு ஐப்பசித் தள்ளுபடியில்தான் வாங்கினேன். மழை மேகம் விலகி ஒரு நட்சத்திரம் கண்ணில் படுவதற்குள், மாற்றித் தருவதற்கான பத்து நாள் கெடு முடிந்துவிட்டது. பிறகு ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகம் இருக்கும் பக்கம், எடுத்த முதல் படத்தைப் பெரிதாக்கியபோது, மூன்று மூலைகளில் நட்சத்திரங்கள் புள்ளிகளாக இருக்க, வலது மேல் மூலையில் மட்டும் ஒவ்வொன்றும் சிறகு விரித்த தகைவிலான் குருவியாகத் தெரிந்தது. நான்கு மூலைகளும் ஒரே அளவில் சிதைந்திருந்தால், அது வடிவமைப்பிலேயே உள்ள கோமா, அதாவது ஓரத்து ஒளிப்புள்ளிகளை இழுத்துச் சிதைக்கும் குறை, என்று லென்ஸின் திறப்பை எஃப் 4-க்குக் குறைத்துச் சமாளித்திருப்பேன். ஒரு மூலை மட்டும் கெட்டிருந்தால், உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி அச்சிலிருந்து விலகியோ சாய்ந்தோ பொருத்தப்பட்டிருக்கிறது என்று பொருள்.

பழுதுபார்க்கும் இடத்தில் சுவரில் ஒட்டிய சோதனை அட்டையைப் படமெடுத்துவிட்டு, குறையில்லை என்று திருப்பியனுப்பினார்கள். சுவாதி நட்சத்திரத்தை நடுவிலும் நான்கு மூலைகளிலும் மாறி மாறி வைத்து எடுத்த ஐந்து படங்களை அச்சிட்டு அனுப்பிய பிறகே லென்ஸைத் திறந்தார்கள். மூலை சரியாயிற்று, வெகு தொலைவுக்கு ஃபோகஸ் வைக்கும் இன்ஃபினிட்டி குறி கெட்டது. இப்போது ஃபோகஸ் வளையம் மூன்று மீட்டர் குறியருகே நிற்கும்போதுதான் நட்சத்திரம் கூர்மையாகிறது. கேமரா திரையில் தெரியும் லைவ் வியூவைப் பத்து மடங்கு பெரிதாக்கி ஃபோகஸ் பார்த்து, வளையத்தைக் காகித டேப்பால் ஒட்டிவிடுகிறேன். பின்னிரவில் குளிர் ஏறினால் ஃபோகஸ் நகர்ந்துவிடும், டேப்பைப் பிரித்து மறுபடியும் அதே வேலை.

படத்தைக் குறை சொல்ல முடியாது என்பதையும் எழுதத்தான் வேண்டும். பங்குனி அமாவாசையன்று விடியற்காலை மூன்று மணிக்கு, ஐஎஸ்ஓ 3200, 20 வினாடி எக்ஸ்போஷரில், அனுஷத்திலிருந்து மூலம் வரை விருச்சிகம் முழுவதும், அதையொட்டிய பால்வீதியின் கருந்திட்டுகளும் பதிந்த விதத்தை இன்னும் அவ்வப்போது எடுத்துப் பார்க்கிறேன்.

ஆனாலும் வாங்க வேண்டாம் என்றே நண்பரிடம் சொன்னேன். பிடிவாதமாக வாங்குவாரானால், கறுப்புத் தாளில் ஊசியால் துளையிட்டு, பின்னால் டார்ச் வைத்து, இருட்டான நீள நடைகூடத்தின் கடைசியில் நிறுத்தி, அந்த ஒளிப்புள்ளியை நான்கு மூலைகளிலும் எடுத்துப் பார்க்கட்டும். அதற்கு மழை விடக் காத்திருக்க வேண்டியதில்லை, பத்து நாள் கெடுவும் தாண்டாது.