லைசென்ஸ் என்று சொல்லிச் சோதனைப் பதிப்பை மாட்டிவிட்டார்கள்: 86,500 ரூபாய் போயிற்று

எங்கள் ராணிப்பேட்டை அலுவலகத்துச் சர்வர் நேற்றுக் காலை முதல் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை தானாகவே அணைந்துகொண்டிருக்கிறது. ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலுக்கு 20ஆம் தேதி கடைசி நாள். டேலி கணக்கு முழுவதும் அந்தச் சர்வரில்தான் இருக்கிறது. இதற்காகவா 86,500 ரூபாய் எண்ணிக் கொடுத்தோம் என்று வயிறு எரிகிறது.

தோல் பொருள் ஏற்றுமதி செய்யும் சிறிய நிறுவனம் எங்களுடையது. ராணிப்பேட்டையில் அலுவலகமும் ஆம்பூரில் தையல் கூடமும் இருப்பதால், இரண்டு இடத்துக் கணினிகளையும் ஒரே டொமைனில், அதாவது ஒரே சர்வரின் கட்டுப்பாட்டில் இயங்கும் குழுவில் சேர்த்து, யார் எந்தக் கோப்பைத் திறக்கலாம் என்பதை ஓரிடத்திலிருந்தே கட்டுப்படுத்த விரும்பினோம். வேலூரில் நெட்வொர்க் வேலை எடுத்துச் செய்யும் ஒரு கணினிக் கடை, "சர்வர் மென்பொருள், லைசென்ஸ் உட்பட" என்று பில்லில் எழுதியே இந்த வேலையை ஏற்றுக்கொண்டது.

அந்தக் கடைக்காரர்மேல் நம்பிக்கை வந்த நேரம் நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் மேசையில் உட்கார்ந்து, விண்டோஸில் கட்டளைகளைத் தட்டுவதற்கான பவர்ஷெல்லின் நீலத் திரையில் ஆட்-கம்ப்யூட்டர் என்ற கட்டளையையும், அதன் பின்னே ஆம்பூர்க் கணினி ஒன்றின் பெயரையும் டொமைன் பெயரையும் ரீஸ்டார்ட் என்ற சொல்லையும் தட்டினார். கடவுச்சொல் கேட்டது, கொடுத்தார். அடுத்த நிமிடமே ஆம்பூரிலிருந்து எங்கள் பையன் போன் செய்து, "சார், நான் தொடவே இல்லை, சிஸ்டம் தானா ரீஸ்டார்ட் ஆகுது" என்றான். சுமார் எழுபது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் இயந்திரத்தை இங்கிருந்தே பதிவு செய்யத் தெரிந்தவரை யார்தான் சந்தேகிப்பார்கள்? மீதித் தொகையையும் அன்றே கொடுத்துவிட்டோம். கிளம்பும்போது, "சர்வருக்கு மானிட்டர் தேவையில்லை சார், எல்லாம் ரிமோட்டிலேயே பார்த்துக்கலாம்" என்று சொல்லித் திரையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் போனார். அக்கறையோடு சொன்ன யோசனையாகத்தான் அப்போது பட்டது.

காட்பாடியில் பொறியியல் படிக்கும் என் தம்பி மகன் நேற்று மாலை வந்து, அந்தத் திரையை மீண்டும் மாட்டினான். வலது கீழ் மூலையில் சிறிய எழுத்தில் சோதனைப் பதிப்பு என்றும், காலம் முடிந்துவிட்டது என்றும் இருந்தது. லைசென்ஸ் நிலையைக் காட்டும் எஸ்எல்எம்ஜிஆர் கட்டளையைத் தட்டியபோதும் அதே பதில்தான் வந்தது. "பெரியப்பா, இது மைக்ரோசாஃப்ட் 180 நாளைக்கு இலவசமாகத் தருகிற பதிப்பு. நாள் முடிந்தால் இப்படித்தான் மணிக்கொரு தரம் அணையும்" என்றான். அதைவிடக் கொடுமை, டொமைனை நிர்வகிக்கும் டொமைன் கன்ட்ரோலராக இயங்கும் சோதனைப் பதிப்பை அப்படியே விலைப் பதிப்பாக மாற்ற முடியாதாம். முதலில் அந்தப் பொறுப்பிலிருந்து அதை இறக்கியாக வேண்டும். ஒரே சர்வர் வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அது புதிதாகக் கட்டுவதற்குச் சமம். போதாக்குறைக்கு, ஆம்பூரில் உள்ள, வீட்டு உபயோகத்துக்கான விண்டோஸ் ஹோம் பதிப்பு மடிக்கணினிகள் டொமைனில் சேரவே இல்லை. அந்தப் பதிப்பு சேராது என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அரிச்சுவடி. ஆனால் அவற்றுக்கும் சேர்த்துத்தான் 86,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள்.

கடைக்குப் போன் செய்தால் முதலில், "உங்க பக்கம் கரண்ட் பிரச்சினையா இருக்கும், யுபிஎஸ்ஸைப் பாருங்க" என்றார்கள். திரையில் இருந்ததைப் படமெடுத்து அனுப்பியதும், வேலை செய்த பையன் நின்றுவிட்டான் என்றார்கள். வந்தவர் கடை உரிமையாளரே என்று நினைவூட்டிய பிறகு, கூடுதலாகப் பணம் கொடுத்தால் சோதனைக் காலத்தை நீட்டித்துத் தருவதாகச் சொன்னார்கள். அந்த நீட்டிப்பும் சில முறை மட்டுமே செல்லும் தற்காலிக ஏற்பாடு. டொமைன் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டதற்கு, "பார்த்துச் சொல்கிறேன்" என்று வைத்த போனை இன்று மதியம் வரை எடுக்கவில்லை. எங்கள் சர்வரின் சாவி இன்னமும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் இப்படி வேலை கொடுத்திருப்பவர்கள் உடனே சர்வருக்கு முன்னால் உட்கார்ந்து, எஸ்எல்எம்ஜிஆர் என்று தட்டி, சாய்கோடு போட்டு எக்ஸ்பிஆர் என்று சேர்த்துப் பாருங்கள். முடிவுத் தேதி காட்டினால் அன்றே கேள்வி கேளுங்கள். ஒவ்வொரு கணினியிலும் சிஸ்டம்இன்ஃபோ என்று தட்டி, டொமைன் என்ற வரியில் ஒர்க்குரூப் என்று வருகிறதா என்று கவனியுங்கள்; வந்தால் அந்தக் கணினி டொமைனில் சேரவில்லை என்று பொருள். நிர்வாகி கடவுச்சொல்லையும், ஒவ்வொரு கணினியின் உள்ளூர் நிர்வாகி கடவுச்சொல்லையும் எழுதி வாங்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். டேலி கோப்புகளை இன்றே வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து வையுங்கள். நாங்கள் இப்போது ஒவ்வொரு முறை சர்வர் எழும்போதும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.